கிளம்பறோமுங்க

ஓர் ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குப் பதினைந்து விநாடி முன்பே "இவர் எழப்போகிறார்" என்று சொல்லிவிடும் பெட்டி ஒன்றைச் செய்ய சென்னியப்பனுக்கு மூன்று வருஷம் பிடித்தது. அதில் முதல் வருஷம் முழுவதும் ஓர் இட்லிப் பானையிடம் தோற்றதிலேயே போயிற்று.

உடம்புச் சூட்டை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதுதான் சுலபமான வழி என்று அவன் அதில்தான் ஆரம்பித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தபோது, அடுப்பில் ஆவி விட்டுக்கொண்டிருந்த இட்லிப் பானையை அந்த உணரி குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டது. அவன் மனைவி தமயந்தி மூடியைத் திறந்தபோதெல்லாம் "எழப்போகிறார்" என்று அலறியது. அடுத்ததாகக் கேமரா வைத்துப் பார்த்தான். கட்டிலுக்கு எதிரே கேமரா வைத்தால் வார்டில் இருக்கும் பெரியவர்கள் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எச்சரித்தார்கள். பெரியவர்களும் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். மூன்றாவதாகத்தான் ரேடியோ அலைக்கு வந்து சேர்ந்தான். அது சுவரைத் தாண்டிப் போகும். மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கும். மின்விசிறியையும் திரைச்சீலையையும் ஆளென்று நம்பி ஏமாறாது. சோப்பு டப்பா அளவுதான், கம்பி கிடையாது, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

பீளமேட்டில் ஒரு சந்துக்குள் இருந்த அந்தச் சின்னக் கம்பெனிக்கு முதலாளி பொற்கொடி மேடம். வயதானவர்கள் நடந்துபோய் விழுவதைவிட, கட்டிலை விட்டு எழும்போது விழுவதுதான் அதிகம் என்பது அவர் கட்சி. எழும் முன்பே நர்சுக்குத் தெரிந்துவிட்டால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள் அல்லவா? முப்பது பெட்டி வேண்டும் என்று ஓர் ஆஸ்பத்திரி கேட்டிருந்தது.

பெட்டிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில்தான் சிக்கல் இருந்தது. ஒருவர் எழுந்தது எப்போது என்று கண்ணால் பார்க்கலாம். எழ வேண்டும் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று யாருக்குத் தெரியும்? சென்னியப்பன் ஒரு வாரம் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தான். பிறகு துள்ளிக் குதித்தான். எண்ணம் வந்ததும் மனிதன் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறானே! கல்யாணம், காதுகுத்து, சீர் என்று ஊர் ஊராகப் போய், உட்கார்ந்திருந்தவர்களிடம் அனுமதி வாங்கிப் பெட்டியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தான். யார் "கிளம்பறனுங்க" என்று சொன்னாலும் உடனே ஒரு பொத்தானை அமுக்கினான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இப்படிக் கிளம்புகிறேன் என்று சொன்னதைப் பெட்டி கற்றுக்கொண்டது. பிறகு இன்னும் நூறு பேரைக் கிளம்புகிறேன் என்று சொல்ல விட்டுச் சோதித்தான். தொண்ணூற்று நான்கு பேரைச் சரியாகப் பிடித்தது. ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரே ஒரு விருந்துக்குப் போய் வந்தவர்களுக்குக்கூட இதில் என்ன கோளாறு என்று இந்நேரம் தெரிந்திருக்கும். சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா?

அவனுக்கு அந்த நாளில் வேறொரு கவலையும் இருந்தது. ஐந்து வருஷமாக அவன் அக்கா சாந்தாமணி அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அது புது வீட்டுக்குக் குடிபுகுந்த நாளில் நடந்தது. ஹால் நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அக்காவின் கணவர் வெள்ளியங்கிரி தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க மாப்ள, அப்ப நாங்க கிளம்பறோமுங்க" என்றார். நியாயப்படி இதற்கு, "அதென்னங்க அதுக்குள்ள" என்று ஆரம்பித்து, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ஒரு காப்பி கொடுத்து, மறுபடி கிளம்பும்போது மறுபடி இழுத்து, நாலாவது சுற்றில்தான் மனசில்லாமல் விடவேண்டும். சென்னியப்பன் அந்த நேரம் பார்த்து, ஹால் வாசலில் சாய்ந்துகொண்டிருந்த ஒரு பந்தல்காலைத் தோளில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தான். "சரிங்க மச்சான், போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டான். அதுவும் முதல் சுற்றிலேயே. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். ஹாலில் மூச்சுச் சத்தம் கேட்டது. அக்காவும் மச்சானும் போனவர்கள் போனவர்கள்தான்.

மச்சானுக்குக் கோபம் தீரவில்லை என்பது அதற்குப் பிறகு குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அக்காவிடம் போனில் பேசுவான். "மச்சானுக்குக் கோவம் போயிருச்சாக்கா?" என்று கேட்பான். "ம்" என்பாள் அவள். அந்த "ம்" ஆமாவா இல்லையா என்று அவனுக்குப் புரிந்ததே இல்லை. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்ட வீட்டில், எட்டு வயது மூத்தவளான அவள்தான் அவனுக்குத் தலைசீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள். அவள் வராத வீடு அவனுக்குப் பாதி வீடாகத்தான் இருந்தது.

இப்போது அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமனுக்குப் பத்திரிகை வைக்காமல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறோம் என்று தகவல் வந்தது. இந்தத் தடவை மச்சான் எழ நினைக்கும் முன்பே பிடித்து உட்காரவைத்துவிட வேண்டும், உட்காரவைத்து மத்தியானச் சாப்பாட்டையும் போட்டுவிட வேண்டும், அப்படி நடந்தால் அக்கா இனிமேல் வழக்கம்போல் வந்துபோவாள் என்று சென்னியப்பன் கணக்குப் போட்டான். சனிக்கிழமையே பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஷோகேசில் தலையாட்டிப் பொம்மைக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

தமயந்தி நாகப்பட்டினத்துப் பெண். அவர்கள் ஊரிலும் விருந்தாளியை விடமாட்டார்கள், ஆனால் இந்த ஊர் அளவுக்கு அதை ஒரு சாஸ்திரமாக வைத்துக்கொள்வதில்லை. இது எப்படி வேலை செய்யும் என்று கேட்டாள்.

"எந்திரிக்கோணும்னு நெனச்சதுமே ஒடம்பு தயாராயிரும். காலு ரெண்டும் உள்ளாற இழுத்துக்கும். மூச்சு ஒரு கணம் நிக்கும். அந்த ஆளுக்கே அது தெரியாது, பொட்டிக்குத் தெரியும். என்னைய விட்டுட்டு, உள்ள வர்றவங்களுக்கெல்லாம் வரிசையா நம்பர் போட்டுக்கும். மொதல்ல வர்றது மச்சான், அவருதான் ஆள் ஒண்ணு. அவருக்கு மட்டும் என்ற பாக்கெட்டுல இருக்கற கருவி அதிரும். மத்தவங்களுது பதிவுல மட்டும் ஏறிக்கும்."

"அதிர்ந்தா?"

"அதிர்ந்ததும் இருங்க மச்சான்னு சொல்லிருவேன். முந்தியும் இருக்காது, பிந்தியும் இருக்காது."

"ஒரு மனுஷனை இருங்கன்னு சொல்றதுக்கு மூணு வருஷம் ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவள் தேங்காய் துருவப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு மச்சானின் கார் வாசலில் வந்து நின்றது. அது ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் கார். மச்சானின் கைக்கடிகாரம் வழியாக அவர் பேசுவதை எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும். "கிளம்பறோம்" என்ற சொல் காதில் விழுந்தால் கதவைத் திறந்து, "வாங்க, போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடும். முதலில் அது "போகலாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்ததாம். இந்தப் பக்கத்தில் ஒருவரும் அதில் ஏறாததால் கம்பெனிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள்.

வெள்ளியங்கிரி வெள்ளை வேட்டி சரசரக்க உள்ளே வந்தார். பின்னால் அக்கா, பத்திரிகைத் தட்டோடு. சென்னியப்பன் கைகூப்பி, வாங்க வாங்க என்று ஒன்பது தடவை சொல்லி, மச்சானைப் பெரிய சோபாவில் உட்காரவைத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினான். அக்கா நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாக்கா. அப்படியே உள்ள போயி மச்சானுக்கு ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்திரு" என்றான். அவள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தண்ணீர் வந்தது. மச்சான் சொம்பைத் தூக்கி அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்திருப்பார், சென்னியப்பனின் சட்டைப் பை அதிர்ந்தது.

"இருங்க மச்சான்" என்றான்.

அவர் சொம்பைக் கீழே இறக்கினார். "இப்பத்தானுங்களே மாப்ள வந்தேன்."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கருவிக்கு அன்று என்ன வந்ததோ, மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் அதிர்ந்தது. மச்சான் முறுக்கு எடுக்கக் குனிந்தால் அதிர்ந்தது. தென்னைக்கு வந்த பூச்சியைப் பற்றிச் சொன்னால் அதிர்ந்தது. மரமேறும் எந்திரம் ஒன்றை வாங்கி அது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் குதித்த கதையை அவர் கையைக் காலை ஆட்டிச் சொன்னபோது விடாமல் ஏழு தடவை அதிர்ந்தது. சென்னியப்பன் ஒவ்வொரு தடவையும், "இருங்க மச்சான்", "அட இருங்க", "என்னங்க அவசரம்", "சித்த நேரம் உக்காருங்க" என்று மாற்றி மாற்றிச் சொன்னான். சொல்லிக்கொண்டே வேர்த்துக் கொட்டினான். எந்திரம் கிணற்றிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. இந்த மனுஷன் உட்கார்ந்த நேரத்திலிருந்து ஓடத்தான் பார்க்கிறார், இவருக்கு எவ்வளவு வன்மம் பார் என்று மனசுக்குள் அழுதான்.

இடையில் மச்சான் முறைப்படியும் மூன்று தடவை கிளம்பினார். அப்போதெல்லாம் வாசலில் கார் கதவைத் திறந்து, "வாங்க, போய்ட்டு வரலாம்" என்றது. யாரும் வராததால் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் நாற்காலி போட்டுப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் அக்கா சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மச்சானின் சோபாவுக்குப் பின்னால் நின்றாள். "ஏனுங்க, நேரமாச்சுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். மச்சான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

பையிலிருந்த கருவி அடங்கிவிட்டது. இரண்டு நிமிஷம் ஆயிற்று, மூன்று நிமிஷம் ஆயிற்று, அசைவே இல்லை. அப்பாடா, மனுஷன் கடைசியில் உட்கார்ந்துவிட்டார், சாப்பிட்டுவிட்டுத்தான் போவார் என்று சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு முதல் முறையாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"சரிங்க மாப்ள, அப்ப நாங்க கிளம்பறோமுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

சென்னியப்பன் பையைத் தொட்டுப் பார்த்தான். அது செத்த பல்லியாகக் கிடந்தது. இது வெறும் வாய்ச்சொல், உடம்பில் அந்த எண்ணமே இல்லை என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த விஞ்ஞானம் அல்லவா? அந்தத் தைரியத்தில் ஒரு விளையாட்டு விளையாடினான். தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டு, "சரிங்க மச்சான், போய்ட்டு வாங்க" என்றான்.

அவர்கள் போய்விட்டார்கள். கார் நாலாவது தடவை கதவைத் திறந்தது, இரண்டு பேர் உண்மையாகவே ஏறியதும் அதுவே கொஞ்சம் தடுமாறிப் போனதுபோல் நின்று, பிறகு புறப்பட்டது. தமயந்தி நனைத்துத் துடைத்த வாழையிலையைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் நின்றாள். எதிர்வீட்டுக்காரர் நாற்காலியை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

பெட்டியைத் தூக்கித் தரையில் அடிக்கப் போனவனைத் தமயந்திதான் தடுத்தாள். இரண்டு பேருக்குச் சமைத்ததையும் சேர்த்து அவளும் அவனும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது, இதற்கு எப்படிப் பாடம் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள். கல்யாண வீடு, காதுகுத்து வீடு, பொத்தான் எல்லாவற்றையும் சொன்னான்.

"கிளம்பறேன்னு அவங்க வாயால சொன்ன உடனே பொத்தானை அமுக்கினீங்களா?"

"ஆமா. அதுதான அடையாளம்?"

"உங்க ஊர்ல கிளம்பறேன்னு சொல்லிட்டு எவ்வளவு நேரம் கழிச்சுக் கிளம்புவாங்க?"

அவன் எச்சில் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். முக்கால் மணி நேரம். கை கழுவி, வெற்றிலை போட்டு, வாசலில் நின்று, செருப்பு மாட்டி, கேட்டுக்கு வெளியே ஒருதரம், தெருமுனையில் ஒருதரம். எழ வேண்டும் என்று நினைப்பவன் வாயைத் திறப்பதே இல்லை, எழுந்துவிடுவான். கிளம்புகிறேன் என்று சொல்பவன், இன்னும் ஒருதரம் இருங்க என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கி உட்கார்ந்திருப்பவன். காலை உள்ளே இழுத்துக்கொள்வதும் மூச்சைப் பிடிப்பதும் அந்தப் பதிலுக்குக் காத்திருப்பதால்தான்.

"உங்க பொட்டி போக நினைக்கிறவங்களைக் கண்டுபிடிக்கலை" என்றாள் தமயந்தி. "இருக்க ஆசைப்படறவங்களைக் கண்டுபிடிக்குது."

சென்னியப்பன் எச்சில் கையோடு பொற்கொடி மேடத்துக்குப் போன் செய்தான். அவர் முழுவதையும் கேட்டார். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டார். வார்டில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பிடிக்க நர்சு ஓடியிருப்பாள், எழுந்து விழப்போகிறவர் பக்கம் யாருமே போயிருக்கமாட்டார்கள் என்றார். ஒரு பெட்டிகூட வெளியே போகக்கூடாது, திங்கட்கிழமை முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். மைசூர்பாகைப் பற்றி நல்லவேளை எதுவும் கேட்கவில்லை.

பிறகு அவன் அன்றைய பதிவைத் திறந்தான். ஆள் ஒன்று, வெள்ளியங்கிரி: நாற்பத்தோரு தடவை. அந்த மனுஷர் இரண்டு மணி நேரமும் இருக்கத்தான் தவித்திருக்கிறார். கடைசி ஆள் தமயந்தி: மூன்று தடவை.

"சொந்த வீட்லயே எனக்கு மூணு தடவைதான் இருக்கத் தோணியிருக்கு, குறிச்சு வச்சுக்குங்க" என்றாள் அவள், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் இருந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் இரண்டு, சாந்தாமணி: ஒரு தடவை. மணி பத்து, நான்கு நிமிடம்.

மச்சானின் முதல் அதிர்வு பத்து, ஆறு நிமிடத்துக்கு. அது தண்ணீர் குடிக்கும்போது வந்தது. அப்படியானால் பத்து, நான்குக்கு அக்கா எங்கே இருந்தாள்? நிலைப்படிக்கு உள்ளே வந்து நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே ஒரு கணம் மூச்சைப் பிடித்திருக்கிறாள், அப்போது அவளுக்கு இங்கே இருக்க வேண்டும்போல் இருந்திருக்கிறது. அதற்கு அடுத்த நிமிஷம் அவன் சொன்னது என்னவென்று நினைத்துப் பார்த்தான். மச்சானுக்கு ஒரு சொம்பில் தண்ணீர். அதற்குப் பிறகு அந்த வரியில் ஒன்றுமே ஏறவில்லை.

அன்று காலையிலிருந்து அக்காவிடம் அவன் வேறு என்ன பேசினான் என்று தேடினான். எதுவும் அகப்படவில்லை. "இருங்க" என்று நூறு தடவை சொன்னானே, அதில் ஒன்றுகூட அவளுக்கு இல்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. சட்டையை மாற்றாமலே பைக்கை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனான்.

மச்சான் வாசலில் ஈசிசேரில் படுத்திருந்தார். அவனைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து மரியாதையாக "வாங்க மாப்ள" என்றார், குரல் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. சென்னியப்பன் எதையும் மறைக்காமல் பெட்டி, பொத்தான், பாக்கெட் எல்லாவற்றையும் சொன்னான். அவர் முகம் மெல்லச் சிவந்தது.

"எத்தன தடவைங்க?"

"நாப்பத்தியொண்ணுங்க மச்சான்."

"வெளிய சொல்லிப்போடாதீங்க. பொண்ணு கல்யாணத்துல எனக்குன்னு ஒரு கெத்து வேணுமில்லீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த மரமேறி மெசின் கத பாதில நின்னு போச்சுங்க. அத மறுக்கா ஒரு நாளைக்கி முழுசாக் கேளுங்க."

"கட்டாயங்க. ஆனா, அஞ்சு வருசத்துக் கோவத்த எப்புடித்தான் மறந்தீங்க?"

வெள்ளியங்கிரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கோவமா? எனக்கா? என்னைய உக்கார வெக்கறேன்னு நீங்க தோள எடுத்தா பந்தக்கால் உங்க தலைல உழுந்துருமோன்னு பயந்துதானுங்க அன்னிக்கு வெரசாக் கிளம்புனேன். ஊரே எனக்குக் கோவம்னு சொன்னதால, சரி இருந்துட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்." பிறகு தலையால் உள்பக்கம் காட்டினார். "அவகிட்டக் கேளுங்க."

அக்கா சமையலறையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை. அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"உனக்குத்தான் கோவமாக்கா?" என்றான்.

"அஞ்சு வருசமா தீவாளி நோம்பிக்கும் பொங்க நோம்பிக்கும் மச்சானுக்குக் கோவம் போச்சா, மச்சானுக்குக் கோவம் போச்சான்னு கேட்ட. இன்னிக்குத்தான் என்னையக் கேக்கற."

அவள் புளியை முறத்தின் ஓரத்துக்குத் தள்ளினாள். "என்ற தம்பி ஊடு கட்டியிருக்கானே, ஒவ்வொரு ரூமாப் பாக்கோணும்னு குடிபோன அன்னிக்கு ஆசையா வந்தேன். வந்தவ கையில கரண்டியக் குடுத்து உள்ள தள்ளுனீங்க. எல்லாருக்கும் எடுத்துக் குடுத்து, கடைசிப் பந்திக்குப் பாயசம் போனதும் கையக் கழுவிட்டு வந்து பாக்கறேன், நீ மச்சானுக்குப் போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டிருக்க. நான் இன்னும் சாப்புடவே இல்ல."

சென்னியப்பன் சுவரை விட்டு நகர்ந்து அவள் பக்கம் வந்தான். "நம்மூட்டுப் புள்ளதானேன்னு…" என்று ஆரம்பித்தான்.

"நம்மூட்டுப் புள்ளைக்குப் பசிக்காதா?"

அவன் அழுதுவிடுவான்போல் இருந்தது. அழுவதற்குப் பதிலாக, காப்பித்தூள் எங்கே இருக்கிறது என்று கேட்டான். அவள் விரலால் மேல்தட்டைக் காட்டினாள், இவன் என்ன செய்கிறான் பார்க்கலாம் என்பதுபோல.

அவன் காப்பி போட்ட லட்சணத்தை விவரிக்க வேண்டியதில்லை. பால் இரண்டு தடவை பொங்கி அடுப்பை அணைத்தது. வடிகட்டியைத் தேடிப் பூரிக்கரண்டியை எடுத்தான். சத்தம் கேட்டு ஓடிவந்த மச்சான், வந்த விருந்தாளியை அடுப்படியில் விட்டுவிட்டு நீ உட்கார்ந்திருக்கிறாயே என்று பதறினார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி ஈசிசேருக்கே போய்விட்டார். சென்னியப்பன் ஒரு டம்ளரில் ஊற்றி, வெளியே வழிந்ததைச் சட்டையில் துடைத்து, அக்காவிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டு எழுந்தாள். மேல்தொட்டிக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது, நிறுத்திவிட்டு வந்து குடிக்கிறேன் என்றாள்.

"இருக்கா" என்றான் அவன். "உக்காந்து குடிச்சிட்டுப் போலாம்."

"என்ற ஊட்டுல இருந்து நான் எங்கடா போறது?"

"எங்கயோ. நீ இரு."

சாந்தாமணி டம்ளரோடு நின்றாள். தம்பியின் சட்டையில் இருந்த காப்பிக் கறையைப் பார்த்தாள். பிறகு முறத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் நன்றாக உட்கார்ந்துகொண்டாள். மாடியில் தொட்டி நிறைந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை. ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். மீதியையும் நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"சக்கரையே இல்ல" என்று காலி டம்ளரை அவனிடம் நீட்டினாள். "இன்னொண்ணு போடு."